சேர்மக்கனியின் குரல் இருந்த இடம்

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய வயரைக் கையில் பிடித்தபடியே பரமகுரு மேசைக்கடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான், விட்டால் அது தானாகப் போய்ச் சுவரில் சொருகிக்கொள்ளும் என்று பயந்தவன் மாதிரி. கம்ப்யூட்டரை முறையாக அணைக்காமல் இப்படிப் பிடுங்குகிறவனைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவன் வேலை பார்க்கிற பாலிடெக்னிக் லேபில் அப்படிச் செய்த பையன்களை வெளியே நிறுத்தியிருக்கிறான், 'பிரேக் இருக்கும்போது சுவத்துல முட்டியா வண்டிய நிப்பாட்டுவ?' என்று கேட்டிருக்கிறான், இப்போது பார், ஐயாவே முட்டி நிறுத்திவிட்டு மூச்சு வாங்குகிறார். வேறு என்ன செய்ய? அழித்தது சாதாரணச் சரக்கா? கனியின் குரல். கட்டின பெண்டாட்டியின் குரல். தொண்டையில் புற்று என்று தெரிந்து, குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆபரேஷனுக்கு முன்னால் அவள் அந்த வலியோடு உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிந்து வைத்தது. அதை மெட்ராஸில் ஒரு லேபுக்கு அனுப்பினால் அவள் குரலிலேயே பேசுகிற புரோகிராம் செய்து கொடுப்பார்கள், அவள் போனில் எழுதினால் போன் அவளாகவே பேசும். அதைத்தான் இந்த மனுசன் டிஸ்கில் இடம் அடைக்கிறது என்று அழித்தான். அழித்து, டீ போட்டுக் குடித்து, கிளாசைக் கழுவிக் கவிழ்த்திவிட்டு வந்து பார்த்தால், நகல் இருக்கிறது என்று நம்பிய இடத்தில் நகல் இல்லை. கனி இப்போது ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்கப் போயிருக்கிறாள், கூட அவள் தங்கச்சி ரதி. சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள். வருவதற்குள் என்ன செய்யலாம், என்னதான் செய்யலாம் என்று அவன் மேசைக்கடியிலிருந்து எழாமலே யோசித்துக்கொண்டிருந்தான்.

அழித்த அழகையும் சொல்ல வேண்டும். வேறு எவனும் இப்படி அழித்திருக்க மாட்டான், லினக்ஸ்காரனால்தான் முடியும். ஊரெல்லாம் விண்டோஸ் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்க, இவன் ஒருத்தன் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்கிற லினக்ஸைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கல்யாணமான புதிதில் கனிக்கும் அதையே பழக்கிவிட்டான். "உங்க கம்ப்யூட்டரும் உங்கள மாதிரியே இருக்குங்க, ஒரு வேலை சொன்னா ஒம்பது கேள்வி கேக்குது" என்பாள். அவன் எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்கை வாங்கிப் போட்டதிலிருந்து அதற்கு ஒரு பணிவிடை, ஒரு பத்தியம். நிரப்பக் கூடாது, கால்வாசியாவது காலியாக வைக்கணும், நிரப்பினால் திணறும், வீணாக எழுதினால் தேயும், ஒவ்வொரு வாரமும் குப்பையைக் கூட்டணும், மாசா மாசம் ஆரோக்கியம் பார்க்கணும். கனிக்கு ஜுரம் என்றால் ஒரு மாத்திரையோடு விடுகிறவன் அதற்கு மட்டும் ஒழுங்காக ரிப்போர்ட் எடுப்பான். காலையில் பார்த்தால் டிஸ்க் நிரம்பி வழிகிற மாதிரி இருந்தது. நாளைக்குத்தான் குரலையெல்லாம் மெட்ராஸுக்கு ஏற்ற வேண்டும், இந்த நிலைமையில் நடுவில் திணறி நின்றால் என்ன ஆகும் என்று ஒரு பயம், அந்தப் பயம்தான் கெடுத்தது. பழைய ஹார்டு டிஸ்கில்தான் வாராவாரம் நகல் எடுக்கிறோமே, அங்கிருந்தே ஏற்றிக்கொள்ளலாம், இங்கே இருப்பதை எடுத்துவிடலாம் என்று பட்டது. அவசரப்படவில்லை, அதைத்தான் சொல்லியாக வேண்டும், அவன் அவசரப்படவே இல்லை. பழைய டிஸ்கைத் திறந்தான். கனி என்று ஃபோல்டர் இருந்தது. உள்ளே எல்லா ஃபைலும் இருந்தன. ஒன்றைப் போட்டுக் கேட்கவும் செய்தான், 'நாளைக்கு மழை வரும் என்று நினைக்கிறேன்' என்றாள் கனி, கரகரத்தாலும் தெளிவாக. திருப்தியோடு வந்து அசலை அழித்தான். அட மடையா, அது ஃபோல்டரே இல்லை. அவன் தன் வசதிக்காகக் கம்ப்யூட்டரில் தன் பேரில் உள்ள இடத்தில் ஒரு லிங்க் வைத்திருந்தான், கனியின் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும் உள்ளது, சரக்கு இல்லாதது, தொட்டால் அசல் இடத்துக்குக் கூட்டிப்போய் விடும். அவன் இடத்தை மட்டும் எடுக்க வாராவாரம் ஓடிய அந்த நகல் கட்டளை சொன்னபடி செய்திருக்கிறது, லிங்கை லிங்காகவே எடுத்து வைத்திருக்கிறது. பழைய டிஸ்கில் அவன் கேட்ட குரல் புது டிஸ்கிலிருந்துதான் வந்தது. டீ குடித்துவிட்டு வந்து திறந்தபோது அந்தப் பெயர் சிவப்பாக நின்றது, முகவரி இருக்கிறது வீட்டைக் காணோம் என்று அர்த்தம். அதைக் கண்டதும்தான் பிளக்கைப் பிடுங்கினான்.

ஆனாலும் அழித்த உடனே போய்விடாது, அது அவனுக்குத் தெரியும், அதுதான் இப்போது பிடித்துக்கொள்ள இருக்கிற ஒரே கிளை. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவன் இலையை மூடிவிட்டு எழுந்து போனாலும், எடுக்க ஆள் வருகிற வரைக்கும் இலை அங்கேதான் கிடக்கும். ஃபைலை அழித்தால் கம்ப்யூட்டர் இலையை மூடுகிறது, அவ்வளவுதான். எடுக்கிற ஆள் தனி, அதற்கு டிரிம் என்று பேர், அது வந்து எஸ்எஸ்டியிடம் இந்த இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு பூஜ்யம்தான், எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை டிரிம் வருகிற மாதிரிதான் வழக்கமாக வைப்பார்கள். இந்த வாரத்து முறை தவறிப்போயிற்று, ஆஸ்பத்திரி அலைச்சலில் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. காலையில் போட்டதும் தவறிய முறையை அது அப்போதே முடித்திருக்கும். அப்படியென்றால் நல்லதுதானே, அடுத்த முறை அடுத்த வாரம். அப்படித்தானா? அழிப்பதற்கு முன்னால்தானே ஓடியிருக்கும்? இல்லை ஏதாவது காரணத்தால் தள்ளிப்போய், இப்போது மறுபடி போட்ட உடனே ஓடுமோ? போடக் கூடாது, என்ன ஆனாலும் போடக் கூடாது. சரி, அதுகூடப் பரவாயில்லை, அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம் என்று அவன் நினைக்க நினைக்க அதுவே முன்னால் வந்து நின்றது. டிஸ்கை எப்படித் திறக்க வேண்டும் என்று எழுதி வைக்கிற வரி ஒன்று உண்டு, அதில் டிஸ்கார்டு என்று ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் வாரத்துக்கு ஒரு தடவை என்பதெல்லாம் கிடையாது, எழுந்த உடனே இலையை எடுத்துவிடும். சேர்த்தோமா? எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள், வாரம் ஒரு தடவை போதும் என்று. அவனும் லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில் நாலு பேருக்கு அதையேதான் எழுதியிருக்கிறான். ஆனால் புது டிஸ்க் போட்ட அன்றைக்கு, அந்தக் குஷியில், எதற்கும் இருக்கட்டும் என்று? விரல் அந்த வார்த்தையை அடித்த ஞாபகம் இருக்கிற மாதிரி இருந்தது. பிறகு எடுத்துவிட்ட ஞாபகமும் இருந்தது. அது இந்த மெஷினா, பாலிடெக்னிக்கில் பிரின்சிபால் அறை மெஷினா? கண்ணை மூடினால் அந்த வரி வருகிறது, ஒரு தடவை வார்த்தையோடு, ஒரு தடவை வார்த்தை இல்லாமல். வேண்டுகிற மாதிரியெல்லாம் வருகிற ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மேசைக்கடியிலிருந்து எழுந்தபோது முட்டி மரத்திருந்தது. நாற்காலியில் கனியின் ஹெட்செட் கிடந்தது, மைக் மேலே அவள் சுற்றிவிட்ட கைக்குட்டைத் துணியோடு. பதிவு செய்கிறபோது ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, இந்தப் பாளையங்கோட்டை வெயிலில் அவள் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பாள், நடுநடுவே எச்சில் விழுங்கிவிட்டு கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். லேபிலிருந்து வந்த வாக்கியங்கள் எல்லா எழுத்தும் வரவேண்டும் என்று எழுதியவை, அர்த்தத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "இந்தா பாருங்க, மஞ்சள் நிற ஒட்டகம் மாடிப்படி ஏறியதுன்னு போட்டிருக்கான். நான் எந்தக் காலத்துல இதச் சொல்லப் போறேன்?" என்று சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்து அன்றைய பதிவு நின்றது. "படி கனி, அவனுக்குச் சத்தம்தான வேணும்" என்றான் இவன். தபாலாபீஸ் கவுண்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, 'பாஸ்புக்க நேரா நீட்டுங்க, தலைகீழா நீட்டுனா நான் தலைகீழாவா நிக்க முடியும்' என்று கூட்டத்தையே அடக்கிய குரல். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது, பிறகு தேயத் தொடங்கியது, டாக்டர் தேதி குறித்த பிறகு அவள் ராத்திரி பகல் பாராமல் படித்தாள். லேப் கொடுத்தது முடிந்த பிறகு தானாகச் சிலது சேர்த்தாள். கேஸ அமத்துனியளா. போன எங்க வச்சிய. துண்ட ஈரத்தோட கட்டில்ல போடாதியன்னு எத்தன தடவ சொல்ல. அதெல்லாம் இவனைத் திட்டுகிற வாக்கியங்கள், ஒவ்வொன்றும் அப்படியே. அப்போதே அனுப்பியிருக்கலாம். அப்போதே. "இரு, பின்னால இரைச்சல் இருக்கு, எல்லாத்தையும் சுத்தம் பண்ணி மொத்தமா அனுப்புவோம்" என்றது யார்? இந்தச் சுத்தக்காரன்தான். நினைத்ததும் ஓடிப்போய் முகத்தைக் கழுவினான், கழுவின முகத்தைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றான்.

ஞானதுரைக்குப் போன் போட்டான். ஞானதுரை தூத்துக்குடியில் இருக்கிறான், இவனைப் போலவே லினக்ஸ் பைத்தியம், துறைமுகத்தில் வேலை. "என்ன வே, வேலை நேரத்துல?" என்றான். இவனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியாமல் லிங்கிலிருந்து ஆரம்பித்தான், நகல் கட்டளையில் எந்தக் குறி விட்டுப்போயிற்று என்று ஆரம்பித்தான். ஞானதுரை கேட்டுக்கொண்டே வந்து, "எல்லாருக்கும் நடக்கிறதுதான வே, எனக்கும் ஒரு தடவ போட்டோவெல்லாம் போச்சு. என்ன ஃபைலு?" என்றான். "கனி பேசினது." அந்தப் பக்கம் ஏதோ கிரேன் ஓடுகிற இரைச்சல் கேட்டது. "ஆபரேஷனுக்கு முன்னால பேசினதா?" "ஆமா." "எல்லாமா?" "எல்லாந்தான்." ஞானதுரை மெதுவாகப் பேச ஆரம்பித்தான், செத்த வீட்டில் பேசுகிற மாதிரி, அது இவனுக்குப் பிடிக்கவில்லை. "அந்த டிஸ்க்ல இருந்து ஸ்டார்ட் பண்ணிராத, என்ன? பென்டிரைவ்ல லினக்ஸ் ஏத்தி வச்சிருப்பேல்ல, அதுல இருந்து போடு. எழுதவிடாமத் திற. முதல்ல அந்த வரியப் பாரு, டிஸ்கார்டு இருக்கான்னு." "இருக்காதுல்ல?" என்றான் பரமகுரு. "நீ போட்டியா?" "தெரியல." "உனக்கே தெரியலன்னா நான் என்ன சொல்ல? பாரு வே, பாத்துட்டுச் சொல்லு." போனை வைத்த பிறகும் அவன் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் குரல் இருக்கிறது. பார்த்துவிட்டால் இரண்டில் ஒன்று ஆகிவிடும். பென்டிரைவைத் தேடுகிறேன் என்று அலமாரியைத் திறந்தான், அது முன்னாலேயே இருந்தது, அதைத் தாண்டிப் பின்னால் கையை விட்டுத் தேடினான்.

வேறு எங்கேயாவது அவள் குரல் இருக்காதா? கல்யாண வீடியோ இருக்கிறது, அதில் நாதஸ்வரத்துக்கு நடுவில் அவள் ரதியிடம் 'பூ சரியுது, பின்னு குத்துடி' என்று சொல்வது கேட்கும், அதற்கு மேல் அந்த வீடியோவில் எவனும் அவளைப் பேசவிடவில்லை. வாட்ஸப்பில் குரல் அனுப்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, எழுதத் தெரியாதவளா நான் என்பாள், ஒன்றிரண்டு இருக்கும், அதிலும் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். இது காணாது, மணிக்கணக்கில் தெளிவாக வேண்டும் என்று லேபில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். சரி, நம் காதில் இருக்காதா, இத்தனை வருஷம் கேட்ட குரல் என்று அவன் கேட்டுப் பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கனி சாப்பிடக் கூப்பிடுவதைக் கேட்க முயன்றான். வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. அம்மா குரல் வந்தது, ரதி குரல் வந்தது. ஐயோ, இது என்ன கொடுமை. மறுபடி முயன்றான், ஒட்டகம் மாடிப்படி ஏறியது, ஒட்டகம் மாடிப்படி ஏறியது, இப்போது அது அவன் குரலிலேயே கேட்டது. ஒருவேளை நெருக்கிப் பிடித்தால் ஓடுகிறதோ என்று வேறு எதையோ நினைத்தான், கரண்டு பில்லை நினைத்தான், உடனே ஓரமாக ஒரு நொடி வந்த மாதிரி இருந்தது, திரும்பினான், போய்விட்டது. போனில் ரதியின் செய்தி வந்து விழுந்தது, கிளம்பிட்டோம் அத்தான், அக்கா நல்லா இருக்கா. அதைப் படித்ததும் எழுந்து பென்டிரைவை எடுத்தான்.

பென்டிரைவிலிருந்து ஏறுவதற்கு அது தன்பாட்டுக்கு நேரம் எடுத்துக்கொண்டது. கடவுளே அந்த வார்த்தை இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று உதடு முணுமுணுத்தது, கடவுளை நம்புகிறவனா என்றால் சாஸ்தா கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கனிக்காகப் போகிறவன், இந்த ஒரு தடவை மட்டும் என்றான், டிஸ்கார்டு இல்லாமல் பார்த்துக்கோ சாமி என்றான், இந்த மாதிரி ஒரு வேண்டுதலை அந்தச் சாஸ்தா தன் ஆயுசில் கேட்டிருக்க மாட்டார். டிஸ்கை எழுதவிடாமல் திறந்தான். அந்த வரிக்குப் போனான். கண் முதலில் வேறு வரியைப் பார்த்தது, பிறகு அந்த வரியைப் பார்த்தது. இருந்தது. கமா போட்டு, ஒட்டி, டிஸ்கார்டு. அவன் கைதான், கமாவுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாத கை. அப்படியே இருந்தாலும் ஏதாவது மிஞ்சியிருக்கும், எல்லாவற்றையும் எடுத்திருக்காது என்று அழிந்ததைத் தேடுகிற புரோகிராமை ஓடவிட்டான். அது வரிசையாக வாசித்துக்கொண்டே போனது. பெயர்கள் சில கிடைத்தன. பெயருக்குள்ளே போய்ப் பார்த்தால் பூஜ்யம். அடுத்ததிலும் பூஜ்யம். திரை முழுக்கப் பூஜ்யம், கீழே தள்ளத் தள்ளப் பூஜ்யம், இவ்வளவு சுத்தமாக ஒரு டிஸ்க் இருந்து அவன் பார்த்ததே இல்லை. டீ குடித்த நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியதற்கு அர்த்தமே இல்லை. அவன் அழவில்லை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தான், வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது.

ரதி வாசலோடு நின்றாள். "அத்தான், தையல் பிரிச்சாச்சு. இனிமே வாயசைக்கலாம்னு சொல்லிட்டாவ. நான் இப்பிடியே போறேன், பிள்ளையக் கூப்பிடப் போணும்" என்று அதே ஆட்டோவில் போய்விட்டாள். கனி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், கழுத்தில் மூச்சு போகிற துளையை மறைத்து வெள்ளைத் துணி, முகத்தில் பல நாளாக இல்லாத தெளிச்சி. வந்ததும் வராததுமாகப் போனை எடுத்து எதையோ எழுதினாள், இவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சாப்ட், டி, யளா?" என்றது போன். வடக்கத்திப் பெண் ஒருத்தி தமிழ்ச் செய்தி வாசிக்கிற மாதிரி, நெல்லைப் பேச்சை எங்கே முறிப்பதென்று தெரியாமல் முறித்து வாசித்தது. கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தோள் குலுங்கியது, சத்தம் இல்லை, துணி மட்டும் படபடத்தது. மறுபடி எழுதினாள். "இது சும்மா ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்தாங்க. என் குரல் வர்ற வரைக்கும்தான்" என்றது அந்தப் பெண். பரமகுருவுக்கு இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது, நாளைக்குச் சொல்லலாம், அவள் படுத்த பிறகு சொல்லலாம் என்று இடம் தேடிய மனசு அப்படியே நின்றுபோயிற்று. "கனி, உன் குரல் வராது" என்றான். "நான் அழிச்சிட்டேன்." அவள் சிரித்த முகம் மாறாமல் பார்த்தாள். "நிஜமாத்தான். டிஸ்க்ல இடமில்லன்னு அழிச்சேன், நகல் இருக்குன்னு நெனச்சேன், அது வெறும் லிங்க்கு, நான் கேட்டுப் பாத்துட்டுத்தான் அழிச்சேன் கனி, ஆனா அது" என்று அவன் விளக்கப் போக, அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். குனிந்து எழுதினாள். "எல்லாமா?" என்றது போன், இனிமையாக. "எல்லாந்தான்." "மெட்ராசுக்கு?" "அனுப்பல." அவள் மறுபடி எழுத ஆரம்பித்தாள், விரல் வேகமாக ஓடியது, போன் "நீங்க" என்று அந்தச் செய்திக் குரலில் ஆரம்பித்ததும் அதை அணைத்துக் கட்டிலில் எறிந்தாள். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, துளையிலிருந்து காற்று சீறியது, உதடு ஓடியது, கவுண்டர் வேகத்தில், மூச்சு விடாமல். திட்டு வாங்குகிறவன் குனிகிற வழக்கப்படி இவன் தலையைக் குனிந்தான். அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, பார்க்காவிட்டால் இனி எதுவும் கேட்காது. பார்த்தான். ராத்திரி பகலா என்றாள். வலியோட என்றாள். உங்க டிஸ்க்கும் நீங்களும் என்றாள். நடுவில் ஒன்று தப்பிப்போயிற்று. "புரியல கனி, அதத் திருப்பிச் சொல்லு" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக உதட்டில் வைத்தாள். எனக்கு எதுக்கு என் குரல்? நான் இல்லாமப் போனா நீங்க கேக்கணும்னுதான படிச்சேன். பரமகுரு அவள் வாயைப் பார்த்தபடியே இருந்தான், அவள் இன்னும் முடிக்கவில்லை.